கோழி கிளறும் மண்ணைப் பார்த்தீர்களா?

நாட்டுக்கோழிக்கு இப்போது நல்ல காலம். சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் ஆம்பூரைத் தாண்டும் எவரும் பிரியாணிக் கடைப் பலகைகளுக்கு நடுவே ‘நாட்டுக்கோழி கிடைக்கும்’ என்ற அட்டைகளையும் பார்க்கலாம். ‘மேய்ச்சல் கோழி’, ‘இயற்கைப் பண்ணை முட்டை’ என்ற பெயர்களும் சேர்ந்துகொண்டன. பிராய்லரைப் போல இரண்டு மடங்கு விலை கொடுத்து வாங்க ஆள் இருக்கிறது. இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்துக்கொண்டு ரசாயனம் இல்லாமல் பயிர் செய்பவருக்கு இதைவிடப் பொருத்தமான உபதொழில் கிடைப்பது அரிது. அதனால் கேள்விகளும் பெருகியிருக்கின்றன. எந்த இனம் நல்லது? முதலில் எத்தனை குஞ்சு விடலாம்? மானியம் எவ்வளவு? குஞ்சு எங்கே கிடைக்கும்? எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகளே. ஆனால் பாலாற்றங்கரையில் இருந்துகொண்டு கோழியை வெளியே மேய விட நினைப்பவர் அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: என் கோழி எந்த மண்ணைக் கிளறப் போகிறது?

மாடு புல்லை மேய்கிறது, ஆடு தழையைக் கடிக்கிறது. கோழிக்கு மேய்ச்சல் என்றாலே கிளறுவதுதான். காலால் பறித்து, அலகால் கொத்தி, புழுவோடும் விதையோடும் மண்ணையும் சேர்த்தே விழுங்குகிறது. தின்றதை அரைக்கச் சிறு கற்களைத் தேடித் தின்கிறது. செள்ளு போகக் குழி பறித்து மண்ணிலேயே புரள்கிறது. புல் மூடிய தரையில் ஒரு கோழி நாளொன்றுக்கு விழுங்கும் மண் சில கிராம்தான். புல்லெல்லாம் தீர்ந்து தரை வெறுமையாகிவிட்டால் அது பல மடங்காகும். கூண்டுக் கோழி நாம் அளந்து போடுவதைத் தின்கிறது. வெளியே விட்ட கோழி, அந்த நிலத்தில் என்ன இருக்கிறதோ அதைத் தின்கிறது.

இதனால் கூண்டே மேல் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். முட்டைக்கோழிக் கூண்டில் ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் ஓர் ஏ-4 தாள் அளவுகூட இல்லை. சிறகை விரிக்க முடியாது. ஏறி உட்காரக் கொம்பு இல்லை. முட்டையிட மறைவு இல்லை. 1960-லேயே விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் வந்துவிட்டது. அதன் பிறகும் கூண்டு அப்படியே இருந்ததால், 2017 ஜூலையில் இந்தியச் சட்ட ஆணையம் முட்டைக்கோழி, கறிக்கோழி வளர்ப்புக்கென்றே தனி அறிக்கை எழுத நேர்ந்தது. அது ஆணையத்தின் 269-ஆவது அறிக்கை. கூண்டு பாதுகாப்பானது என்பதும் முழு உண்மையல்ல. 1999-ல் பெல்ஜியத்தில் தீவனக் கொழுப்பில் கலந்த டையாக்சின், பெரிய பண்ணைகளின் முட்டைக்கும் கறிக்கும் போய்ச் சேர்ந்து, கடைகளில் இருந்த சரக்கையெல்லாம் அகற்ற வேண்டியதாயிற்று. அதே நாட்டில் பின்னர் வீட்டுக் கொல்லைக் கோழிகளின் முட்டையை ஆராய்ந்தபோது, கடை முட்டையைவிட அவற்றில் டையாக்சினும் ஈயமும் அதிகம் இருந்தன. காரணம் தீவனம் அல்ல, கொல்லை மண். அங்கே கோழி வளர்ப்பை நிறுத்தச் சொல்லவில்லை. குப்பையைக் கொல்லையில் எரிக்காதீர்கள், சாம்பலைக் கோழி நடமாடும் இடத்தில் கொட்டாதீர்கள், கெட்ட இடத்தில் கோழியை விடாதீர்கள் என்றார்கள். நமக்கும் இதுதான் பொருந்தும். நம் மண்ணின் கதை இன்னும் கொஞ்சம் நீளமானது, அவ்வளவுதான்.

ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்ட ஊர்கள் இவை. 1970-களில், பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்ய அரசு கட்டுப்பாடு விதித்து, முடித்த தோலுக்கும் தோல் பொருளுக்கும் ஊக்கம் தந்தபோது குரோம் முறை வேகமாகப் பரவியது. பச்சைத் தோல் கெடாமல் இருக்கத் தடவும் உப்பு ஊறல் தொட்டியில் கரைந்து ஒரு பக்கம், குரோமியம் ஒரு பக்கம் என்று வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஊர்களின் நிலத்திலும் கிணற்றிலும் இறங்கின. 1991-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பு, தோல் தொழில் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போய்விட்டதைப் பதிவு செய்தது. மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றும் சொன்னது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் ‘வேலூர் வழக்கு’ என்று பாடம் நடத்துகிறார்கள். பிறகு அமைந்த இழப்பீட்டு ஆணையம் பாதிக்கப்பட்டோர் 29 ஆயிரத்துக்கும் அதிகம் என்று கணக்கிட்டது. இன்னொரு பக்கம், ராணிப்பேட்டையில் குரோமிய ரசாயனம் தயாரித்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் ஆலை 1990-களில் மூடப்பட்டபோது, ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவை அங்கேயே விட்டுச் சென்றது.

வழக்கு அத்தோடு ஓயவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் தீர்ப்பளித்தது. இழப்பீடு கிடைக்காத குடும்பங்களுக்கு அரசு கொடுத்துவிட்டு மாசு செய்தவர்களிடம் வசூலிக்க வேண்டும். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்து நிலத்தையும் நீரையும் சீரமைக்கும் வேலையைக் கண்காணிக்க வேண்டும் என்றது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. அந்தக் காலத்தில் ஏர் ஓட்டியவரின் பேரன் இப்போது அதே வயலில் நாட்டுக்கோழி விட நினைக்கிறார்.

இதைப் படித்துவிட்டு ஆம்பூர் முட்டை என்றாலே விஷம் என்று யாராவது கிளம்பினால் அதைவிடப் பெரிய அநியாயம் இல்லை. திருப்பத்தூர், வேலூர், ராணிப்பேட்டை மூன்று மாவட்டங்களிலும் தோல் கழிவு எட்டிப் பார்க்காத கிராமங்களே அதிகம். ஒடுகத்தூர், அணைக்கட்டு, ஆலங்காயம் பக்கம் ஜவ்வாது மலையடிவாரத்தில் சாமையும் கேழ்வரகும் விளையும் நிலங்களுக்கு இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. கெட்ட இடங்கள் திட்டுத் திட்டாக இருக்கின்றன. பழைய கழிவுநீர் ஓடிய கால்வாயின் இரு கரை, அந்தக் கால்வாய் விழுந்த ஏரியின் கீழ்ப் பாசனம், கழிவுச் சேறு கொட்டிய புறம்போக்கு, எருவென்று நம்பி அந்தச் சேற்றை வாங்கி இறைத்த வயல் என்று அது எங்கெங்கோ இருக்கும். ஒரே சர்வே எண்ணில் மேல்மடை நன்றாகவும் கீழ்மடை கெட்டும் இருக்கலாம். ஆறு என் நிலத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் என்று நிம்மதியாக இருப்பவர் ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு முறை விசாரித்துப் பாருங்கள். முன்பு எந்த வாய்க்காலில் நுரை போனது, எந்தக் கிணற்று நீர் மஞ்சளாக வந்தது என்பதெல்லாம் அவர்களுக்கு நினைவிருக்கும். சோதனைக்கூடம் போகும் முன் இதுவே பாதிச் சோதனை.

குரோமியம் என்றதும் பதறவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். அதில் இரண்டு வகை உண்டு. பதனிடும் தொட்டியில் பயன்படுவது குரோமியம்-3. இது உடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படும். குரோமியம்-6 அப்படியல்ல, புற்றுநோய் தரக்கூடியது, நீரில் எளிதில் கரைந்து பரவக்கூடியது. ராணிப்பேட்டைக் கழிவுக் குவியலில் உள்ள கவலை இந்த இரண்டாவது வகையைப் பற்றியது. மண்ணில் மாங்கனீசு இருக்கும் இடத்தில் முதல் வகையில் ஒரு சிறு பங்கு இரண்டாவதாக மாறவும் செய்யும். எனவே ‘குரோமியம் இருக்கிறதா’ என்று மட்டும் கேட்டால் பாதி விடைதான் கிடைக்கும். எந்த வகை, எவ்வளவு என்று கேட்க வேண்டும். ஓர் அளவுகோலுக்குச் சொல்வதானால், கனடா நாட்டில் விவசாய மண்ணுக்கு மொத்தக் குரோமியம் கிலோவுக்கு 64 மில்லிகிராம், குரோமியம்-6 கிலோவுக்கு 0.4 மில்லிகிராம் என்று வழிகாட்டு அளவு வைத்திருக்கிறார்கள். பாறையிலிருந்தே இயல்பாகக் குரோமியம் வரும் மண்ணும் உண்டு. அதனால் உங்கள் நிலத்து மாதிரியோடு, கழிவு எட்டாத பக்கத்து மேட்டு நிலத்து மாதிரியையும் சேர்த்துச் சோதித்தால்தான் ஒப்பிட முடியும்.

தோல் கழிவுக்கும் கோழிக்கும் உள்ள தொடர்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வங்கதேசம் சாட்சி. டாக்காவின் ஹசாரிபாக் தோல் பேட்டையில், குரோம் பதனிட்ட தோலைச் சீவும்போது விழும் தூளையும் துண்டையும் வேக வைத்துக் காயப்போட்டுப் புரதச் சரக்கு என்று கோழித் தீவனத்திலும் மீன் தீவனத்திலும் கலந்தார்கள். ஆய்வாளர்கள் கோழிக் கறியிலும் முட்டையிலும் குரோமியத்தை அளந்து காட்டிய பிறகு, 2011-ல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தலையிட்டு அந்தத் தீவன ஆலைகளை நிறுத்தச் சொன்னது. அது பேராசையில் நடந்தது. நம் ஊரில் தெரியாமல் நடக்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். செள்ளு போகக் கோழிக்குச் சாம்பல் போட்டுக் குளிக்க விடுவது நம் பழக்கம், நல்ல பழக்கம். அந்தச் சாம்பல் எந்த அடுப்பிலிருந்து வருகிறது? ஷூ கம்பெனியில் வெட்டி மிஞ்சும் தோல் துண்டுகளை மூட்டை கட்டி வாங்கி, அடுப்புக்கோ சூளைக்கோ எரிக்கும் இடங்கள் உண்டு. குரோம் தோலை எரித்தால் சாம்பலில் குரோமியம்-6 உருவாகும். அந்தச் சாம்பலைக் கோழி உடம்பெல்லாம் பூசிக்கொண்டு, அலகால் இறகு கோதும்போது விழுங்கவும் செய்யும். விறகுச் சாம்பல் தவிர வேறு எதையும் கொட்டகைப் பக்கம் கொண்டுவராதீர்கள். தரையில் பரப்ப உமியோ தேங்காய் நார்க் கழிவோ போதும். இலவசமாகக் கிடைக்கிறது என்று தோல் தூளையோ டேனரி முடியையோ பரப்ப வேண்டாம்.

மண்ணுக்கு அடுத்தது தண்ணீர். இந்தப் பகுதியில் கோழிக்காரரை அன்றாடம் கஷ்டப்படுத்துவது குரோமியத்தைவிட உப்புதான். வேலூரும் ஆம்பூரும் குடிக்கக் காவிரித் தண்ணீரைக் குழாயில் வாங்குகின்றன. கோழிக்கு மட்டும் கிணற்று நீரையே வைக்கிறோம். கரைந்த உப்புகளின் அளவு, அதாவது டிடிஎஸ், லிட்டருக்கு 1,000 மில்லிகிராமுக்குள் இருந்தால் கோழிக்குப் பிரச்சினை இல்லை. 3,000 வரை சமாளிக்கும், ஆனால் எச்சம் நீராகப் போகலாம். அதற்கு மேல் போனால் வளர்ச்சி குறையும், சாவு கூடும். 5,000-ஐத் தாண்டிய நீரைக் கோழிக்கு வைக்கவே கூடாது. எச்சம் நீரானால் தரை ஈரமாகும். ஈரத் தரையில் ரத்தக்கழிச்சல் கிருமி பெருகும். நாம் மருந்துக் கடைக்கு ஓடுவோம். காரணம் தொட்டியில் இருப்பது தெரியாமலே பணம் போகும். முட்டை ஓடு மெலிந்து உடைவதற்கும் உப்பு நீர் ஒரு காரணம்; கிளிஞ்சல் மட்டும் அதிகமாகப் போட்டுப் பார்த்துப் பயன் இல்லை. டிடிஎஸ் அளக்கும் பேனா போன்ற சிறு கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கிக்கொள்ளலாம். உப்பு நீர் உள்ள பண்ணைக்குக் கூரைத் தண்ணீரைச் சேமிக்கும் ஒரு தொட்டி, கொட்டகைக்குச் செலவு செய்வதைப் போலவே அவசியம்.

மண்ணும் நீரும் தேறிவிட்டன என்று வைத்துக்கொள்வோம். இனி கோழிக்கு வருவோம்.

மாநில அரசின் நாட்டுக்கோழிப் பண்ணைத் திட்டத்தில் 250 கோழி கொண்ட சிறு அலகுக்கு 50 சதவீத மானியம் தரப்படுகிறது. கொட்டகைக்கு 625 சதுர அடி இடம் காட்ட வேண்டும். ஒரு கோழிக்கு இரண்டரை சதுர அடி. இரவு அடையவும் மழைக்கு ஒதுங்கவும் இது போதும். பகல் முழுக்க அதற்குள்ளேயே அடைத்தால் அது கூண்டைவிடச் சற்றுப் பெரிய கூண்டுதான். வெளி மேய்ச்சலுக்கு ஐரோப்பிய நாடுகளில் ஒரு முட்டைக்கோழிக்கு 4 சதுர மீட்டர் என்று விதி வைத்திருக்கிறார்கள். 250 கோழிக்கு 1,000 சதுர மீட்டர், நம் கணக்கில் ஏறத்தாழ 25 சென்ட். அந்த 25 சென்ட்டிலேயே ஆண்டு முழுக்க விட்டால் மூன்று மாதத்தில் புல் இருக்காது. முன்பே சொன்னபடி கோழி மண்ணைத் தின்னும், குடற்புழுவும் பெருகும். வலை கட்டி இரண்டு, மூன்று துண்டாகப் பிரித்து மாற்றி மாற்றி விட அரை ஏக்கராவது வேண்டும். அவ்வளவு இடம் இல்லாதவர் 250 என்ற எண்ணுக்காக 250 விட வேண்டாம். 50 கோழியோடு தொடங்குங்கள். இடத்துக்கு ஏற்பக் கோழியைக் குறைப்பதுதான் இரக்கத்தின் முதல் படி. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

தென்னந்தோப்பும் மாந்தோப்பும் உள்ளவருக்கு யோகம். கத்திரி வெயிலில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும்போது கோழிக்கு வியர்க்காது. வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். நிழல் இல்லாத மேய்ச்சல் நிலத்தில் விட்டுவிட்டுச் சுதந்திரம் என்று பெயர் வைப்பதில் அர்த்தமில்லை. மரம் இருந்தால் பருந்துக்கும் மறைவு. தோப்பு இல்லாதவர் அகத்தி, முருங்கை, சூபாபுல் நட்டால் ஓராண்டில் நிழலும் தழையும் கிடைக்கும். இரவில் கீரி, காட்டுப்பூனை, நாய் வராத கதவு வேண்டும். உள்ளே ஏறி உட்காரக் கொம்பு கட்டுங்கள்; தரையில் அடையும் கோழிதான் முதலில் நோய்ப்படும். அடைக்கு உட்காரும் கோழியைத் தண்ணீரில் முக்குவது, மூக்கில் இறகு குத்துவது போன்ற பழைய வைத்தியங்களை விட்டுவிடலாம். நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60, 70 முட்டை இடும் பறவை. அது அடை உட்காருவது குறையல்ல; அடுத்த ஈட்டுக் குஞ்சு அதன் இறக்கைக்குக் கீழ்தான் வருகிறது.

தீவனத்தில் நம் பகுதிக்கு ஒரு வசதி உண்டு. மலைச் சாமையின் குருணை, கேழ்வரகு, கம்பு என்று எதுவும் தூரத்திலிருந்து வர வேண்டியதில்லை. நிலக்கடலைப் பிண்ணாக்கும் இங்கேயே கிடைக்கும். ஆனால் பூசணம் பிடித்த பிண்ணாக்கில் இருக்கும் அஃப்ளாடாக்சின் குஞ்சின் ஈரலைத் தின்றுவிடும். மழைக்காலத்தில் மலிவாக வரும் பிண்ணாக்கை மோந்து பார்த்து வாங்குங்கள். குஞ்சுகளுக்குப் பானையில் சாணமும் கந்தைச் சாக்கும் வைத்துக் கவிழ்த்துக் கரையான் பிடிப்பது தெரிந்ததே. அந்தப் பானையை எங்கே கவிழ்க்கிறீர்கள் என்பதும் மண் கேள்விதான்.

நோய்க்கு வருவோம். வெள்ளைக்கழிச்சல் என்கிற ராணிக்கெட் நோய் ராணிப்பேட்டையில் தோன்றியது என்று நினைப்பவர்கள் நம் பக்கத்தில் உண்டு. ராணிக்கெட் இன்றைய உத்தராகண்டில் உள்ள மலை ஊர். 1920-களின் இறுதியில் அங்கே கண்டறிந்ததால் அந்தப் பெயர். நம் ராணிப்பேட்டைக்கு உள்ள தொடர்பு நேர் எதிரானது. 1932-ல் தொடங்கிய கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் அங்கேதான் இருக்கிறது. இந்த நோய்க்கான தடுப்பு மருந்து அங்கே தயாராகிறது. ஏழாம் நாள் குஞ்சின் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டு வாரத்துக்குப் பிறகு இறக்கையில் ஓர் ஊசி. இயற்கை முறை என்று சொல்லித் தடுப்பூசி போடாமல் விடுபவர்களைப் பார்க்கிறோம். கழுத்து முறுக்கிக் கொத்துக் கொத்தாகச் சாவதைப் பார்த்துக்கொண்டிருப்பதில் இயற்கையும் இல்லை, கருணையும் இல்லை. ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடைத் துறை நடத்தும் இருவாரக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமில் பத்துக் கோழி வைத்திருப்பவரும் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். தவிர்க்க வேண்டியது வேறு: நோய் இல்லாதபோதே தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலப்பது. மனிதருக்குக் கடைசி மருந்தாக வைத்திருக்கும் கொலிஸ்டினைக் கால்நடைக்கும் கோழிக்கும் பயன்படுத்த 2019 ஜூலையில் மத்திய அரசு தடை விதித்ததை மறக்க வேண்டாம்.

கடைசி நாளையும் சொல்ல வேண்டும். ஐந்து மாதம் தோப்பில் திரிந்த கோழியைக் காலைக் கட்டிப் பைக் கைப்பிடியில் தலைகீழாகத் தொங்கவிட்டு 20 கிலோமீட்டர் கொண்டுபோனால், அந்த ஐந்து மாதத்துக்கு என்ன பொருள்? காற்றோட்டமான கூடையில், விடியற்காலை வெயில் ஏறும் முன் கொண்டுபோங்கள். வலியும் துன்பமும் தரும் விதத்தில் கொண்டுசெல்வது 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட.

இனி மண் தேறாதவர்கள். சோதனையில் குரோமியம் கூடுதலாக வந்தால் கோழியே கூடாது என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. அந்த மண்ணைக் கோழி தொடக்கூடாது, அவ்வளவே. கொட்டகைத் தரையைச் சிமெண்ட் பூசி, அதையொட்டிக் கூரை போட்ட, வலை அடித்த ஒரு முற்றம் கட்டலாம். அதிலும் தரை பூசி மேலே உமி பரப்பி, சோதித்த நல்ல மண்ணும் விறகுச் சாம்பலும் நிறைத்த ஒரு பெட்டியைப் புரள்வதற்கு வைத்து, வெளியிலிருந்து நல்ல நிலத்துத் தழையைக் கட்டித் தொங்கவிட்டால், கோழி தன் இயல்புப்படி கிளறும், கொத்தும், குளிக்கும், பரணில் ஏறும். செலவு கூடும், கோழி எண்ணிக்கை குறையும். விற்கும்போது ‘மேய்ச்சல் கோழி’ என்று சொல்லாமல் உள்ளதைச் சொல்லுங்கள். ஓடு பழுப்பாக இருந்தால் நாட்டு முட்டை என்று நம்புகிற ஊர் இது. ஓட்டின் நிறம் இனத்தைப் பொறுத்தது, வளர்ப்பைப் பொறுத்ததல்ல. வாங்குபவரின் அறியாமையில் நடக்கும் வியாபாரம் ஒரு நாள் ஒரே செய்தியில் விழுந்துவிடும். அப்படி விழும்போது தவறு செய்யாத மலையடிவாரத்துப் பெண்ணின் பத்து முட்டையும் சேர்ந்தே விழும்.

இங்கேதான் அரசின் பொறுப்பு வருகிறது. உங்கள் கையில் இருக்கும் மண்வள அட்டையை எடுத்துப் பாருங்கள். தழை, மணி, சாம்பல் சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், அமில காரத்தன்மை, மின் கடத்துதிறன், கரிமச் சத்து என்று 12 அளவுகள் அதில் உண்டு. மின் கடத்துதிறன் மூலம் உப்பு தெரியும். குரோமியம் அந்த 12-ல் இல்லை. நாடு முழுவதற்கும் ஒரே அட்டை என்பதால் இல்லை, சரி. ஆனால் 35,000 ஹெக்டேரைப் பற்றி உச்ச நீதிமன்றமே எழுதிய பகுதியில் பதின்மூன்றாவது வரியாக அதைச் சேர்க்க என்ன தடை? கிராமத்துக்குச் சில இடங்களில் மாதிரி எடுத்து, எந்தச் சர்வே எண்கள் நல்லவை, எவை கெட்டவை என்று ஊராட்சிப் பலகையில் ஒட்டினால் கோழிக்காரருக்கு மட்டுமா பயன்? கீரை போடுபவருக்கும், மாட்டுக்குத் தீவனப்புல் வளர்ப்பவருக்கும்தான். நாட்டுக்கோழி மானிய விண்ணப்பத்தோடு மண், நீர் சோதனைச் சீட்டையும் இந்த மூன்று மாவட்டங்களில் கேட்கலாம். ஆனால் சோதனைச் செலவை விண்ணப்பிக்கும் பெண்ணின் தலையில் கட்டக்கூடாது. மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற சட்டம் நிலைபெற்றதே இந்த மண்ணின் வழக்கில்தான். நஷ்டஈடு என்பது 1990-களில் கருகிய நெல்லுக்கு மட்டும் அல்ல. இன்று அந்த நிலத்தில் என்ன செய்யலாம் என்று தெரிந்துகொள்ளும் செலவும் அதில் அடக்கம். 2025 தீர்ப்பின்படி நடக்க வேண்டிய சீரமைப்பு வேலையில் மண் வரைபடம் முதல் வேலையாக இருக்கட்டும்.

டேனரிக்காரர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்திருக்கின்றன. கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்கும் பலர் மாறியிருக்கிறார்கள். ஷூ கம்பெனிக்கு விடியற்காலை பஸ் ஏறும் பெண்ணும், அவர் வீட்டுக் கொல்லையில் நாலு கோழி வளர்க்கும் மாமியாரும் ஒரே குடும்பம். ஆலையை மூடு என்று இந்தப் பக்கம் கேட்கவில்லை. இப்போதைய கழிவை இப்போது தடுப்பது ஒரு வேலை, முன்பு இறங்கியதைக் கணக்கெடுப்பது இன்னொரு வேலை. முதலாவதைச் செய்கிறோம் என்பது இரண்டாவதைத் தள்ளிப்போடுவதற்குச் சாக்காகக் கூடாது.

அதுவரை சொந்தச் செலவில் சோதிக்க நினைப்பவருக்குச் சில குறிப்புகள். பயிருக்கு எடுப்பதுபோல 15 சென்டிமீட்டர் ஆழம் தோண்ட வேண்டாம். கோழி கிளறுவது மேல் மண், எனவே மேலே ஐந்து சென்டிமீட்டர் போதும். கோழி நடமாடப்போகும் துண்டில் பத்து இடங்களில், முக்கியமாக நிழலடியிலும் வாய்க்கால் ஓரத்திலும் எடுங்கள். துருப்பிடிக்காத எஃகுக் கரண்டியிலேயே குரோமியம் உண்டு. மரக் குச்சியோ பிளாஸ்டிக் முறமோ பயன்படுத்துங்கள். எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கைத் தள்ளி, அரைக் கிலோ வரும்வரை குறைத்து, நிழலில் உலர்த்திப் புதுப் பையில் போட்டுச் சர்வே எண்ணும் தேதியும் எழுதுங்கள். கிணற்று நீரை ஒரு லிட்டர் தனியே எடுங்கள். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்ட பிறகு பிடிக்க வேண்டும். எங்கே கொடுப்பது, கட்டணம் எவ்வளவு என்பதை விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ, வேலூரில் உள்ள கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்திலோ கேட்டுக்கொள்ளலாம். தேசிய அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகங்களும் சென்னையில் உண்டு. மொத்தக் குரோமியம், குரோமியம்-6, ஈயம் மூன்றையும் தனித்தனியே கேளுங்கள். வந்த சீட்டின் நகலை அடுத்த கிராம சபையில் மனுவோடு சேர்த்துக் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். குஞ்சுக்கு முன்பணம் கட்டுவதை அந்தச் சீட்டு கைக்கு வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.